எக்கோ கொஞ்சம் கூட்டுங்ணா: ரிவெர்ப், சென்ட், பஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் பக்கம் சீர் ஆகட்டும், கோயில் பொங்கல் ஆகட்டும், மைக்கைக் கையில் வாங்குகிறவர் முதலில் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம் "ஹலோ, ஹலோ" என்பார். மூன்றாவதாக அவர் சொல்லப்போவது என்ன என்பது ஈரோடு முதல் பொள்ளாச்சி வரை எல்லா மைக் செட்காரருக்கும் மனப்பாடம்: "எக்கோ கொஞ்சம் கூட்டுங்ணா." செட்காரர் ஒரு குமிழைத் திருகுவார். பாடுகிறவருக்குத் தன் குரல் திடீரென்று கம்பீரமாகிவிட்ட மாதிரி இருக்கும். பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது.

இந்தப் பழக்கம் இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் வந்துவிட்டது. வள்ளிக் கும்மி ஊருக்கு ஊர் மறுபடி கிளம்பியிருக்கிறது. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிவு செய்து, லேப்டாப்பிலேயே கலந்து, யூடியூபில் போடுகின்றன. கோபியில் சின்ன அளவில் மிக்சிங் வேலை செய்கிற என்னிடம் அப்படிப்பட்ட ஃபைல்கள் அடிக்கடி வரும். போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்ததில் ஒன்பது ட்ராக், அதாவது ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனிப் பதிவு. ஒன்பதிலும் தனித்தனியாக ஒரு ரிவெர்ப்.

"ஏன் கண்ணு, ஒன்பது எதுக்கு?"

"ஒவ்வொண்ணுக்கும் எக்கோ வேணுமில்லீங்ணா?"

அவன் மேல் தப்பில்லை. இந்த விஷயத்தை யாரும் அடியிலிருந்து சொல்லித்தருவதில்லை. 'எக்கோ', 'ரிவெர்ப்', 'சென்ட்', 'பஸ்' என்று வார்த்தைகள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

மலைக்கு எதிரே நின்று கத்தினால் நாம் கத்தியது அப்படியே திரும்பி வரும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மலைச்சரிவு 170 மீட்டர் தள்ளி இருந்தால் போக அரை நொடி, வர அரை நொடி. நாம் வாயை மூடின பிறகு வருவதால் தனிக் குரலாகக் கேட்கிறது. இதுதான் எக்கோ, தமிழில் எதிரொலி.

இப்போது தோட்டத்துக் கிணற்று மேட்டுக்கு வாருங்கள். சின்ன வயதில் கிணற்றுக்குள் எட்டிப்பார்த்து "ஓ" என்று கத்தாதவர் நம் ஊரில் யார் இருக்கிறார்கள்? அங்கே "ஓ... ஓ..." என்று தனித்தனியாகத் திரும்பி வராது. "ஓஓஓம்" என்று ஒரே முழக்கமாக எழும்பி மெல்ல அடங்கும். எதிர்ச்சுவர் ஏழெட்டு மீட்டரில் இருப்பதால் முதல் மோதல் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அவ்வளவு சீக்கிரம் வந்தால் காது அதைத் தனியாகப் பிரிப்பதில்லை, மூல ஒலியோடு சேர்த்துவிடும். அது மறுபடி மோத, அது இன்னொரு சுவரில் மோத, எண்ண முடியாத அளவுக்கு எதிரொலிகள் ஒன்றோடொன்று குழைந்து தேய்கின்றன. இந்தக் குழைந்த ஓசைக்குப் பெயர் ரிவெர்ப். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எதிர்முழக்கம் என்று படித்திருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் முழங்கும் என்பதை இடத்தின் அளவும், அங்கே என்ன பொருள் இருக்கிறது என்பதும் முடிவு செய்கின்றன. பஞ்சாலைக் குடோன் காலியாக இருக்கும்போது உள்ளே நின்று பேசிப்பாருங்கள், கோயில் மாதிரி முழங்கும். பஞ்சுப் பொதி இறக்கி அடுக்கின பிறகு அதே குடோனில் பேசினால் குரல் வாயிலேயே நின்றுவிடும். பஞ்சு ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. இதைக் கணக்காக முதலில் அளந்தவர் வாலஸ் சபீன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று இவரைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு சத்தம் எழுப்பினால் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து, இத்தனை மெத்தை வைத்தால் இத்தனை நொடி குறைகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். நம் குடோன்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், அவர் கையில் கடிகாரம் இருந்தது.

ஆக இதுவரை: தனியாகப் பிரிந்து கேட்டால் எதிரொலி, பிரியாமல் குழைந்து கேட்டால் ரிவெர்ப். மைக் செட்டில் நாம் 'எக்கோ' என்று கேட்டு வாங்குவது பல சமயம் இரண்டும் கலந்த ஒன்று. இந்தக் கட்டுரை ரிவெர்பைப் பற்றியது.

அழகு இல்லை, தூரம்

பேரூர்க் கோயிலின் கல் மண்டபத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்தில் நிற்கும் மனைவி "போலாங்களா?" என்று காதோரம் கேட்கிறார். அந்தக் குரலும் மண்டபம் முழுக்க முழங்கத்தான் செய்கிறது, ஆனால் உங்களுக்கு அது தெரியாது. சன்னதிப் பக்கமிருந்து ஓதுவார் தேவாரம் பாடுகிறார். அது மட்டும் முழக்கமாகக் கேட்கிறது. இரண்டும் ஒரே மண்டபம்தான். வித்தியாசம் எங்கே?

வாயிலிருந்து காதுக்கு நேராக வரும் ஒலி, தூரம் இரண்டு மடங்கானால் பாதியாகிவிடும். சுவரில் மோதி மண்டபத்தை நிரப்பும் முழக்கமோ எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் கிட்டத்தில் நேர் ஒலி ஜெயிக்கிறது, தள்ளிப்போனால் முழக்கம் ஜெயிக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை நம் மூளை கண்ணை மூடிக்கொண்டே கணக்குப் போடுகிறது.

ரிவெர்பைப் பற்றி நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். அந்தக் குமிழைக் கூட்டினால் குரலுக்கு அழகு கூடுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பாடுகிறவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறோம். முன்னால் நிற்க ஆசைப்பட்டு எக்கோ கேட்கிறவர், கேட்கக் கேட்கப் பின்னால் போகிறார். கல்யாண வீடியோவில் இந்தக் கூத்தை நிறையப் பார்க்கலாம்.

மடையும் ஜெராக்சும்

கம்ப்யூட்டரில் ரிவெர்ப் என்பது ஒரு பிளக்இன். அதாவது மிக்சிங் மென்பொருளுக்குள் சொருகிக்கொள்ளும் இன்னொரு சிறு மென்பொருள். இதைப் பயன்படுத்த இரண்டு வழி உண்டு.

முதல் வழி இன்சர்ட். ட்ராக்கின் ஒலி முழுவதும் அந்தப் பிளக்இன் வழியாகத்தான் போக வேண்டும். வாய்க்கால் மொத்தத்தையும் ஒரு தொட்டிக்குள் விட்டு அந்தப் பக்கம் எடுப்பது போல. ஒன்பது ட்ராக்குக்கும் தனித்தனி ரிவெர்ப் போட்டிருந்த தம்பி செய்தது இதை.

இரண்டாவது வழி சென்ட். ஓடுகிற வாய்க்காலை அப்படியே விட்டுவிட்டு, கரையில் ஒரு மடை வைத்து வேறு பக்கம் கொஞ்சம் திருப்புவது. எவ்வளவு திறக்கிறோம் என்பது சென்ட் அளவு.

மடை என்ற உவமை பாதி தூரம்தான் வரும். வாய்க்காலில் மடையைத் திறந்தால் கீழே போகிற தண்ணீர் குறையும். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்குத் திறந்துவிட்டால் இரட்டைப்படை மதகுக்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒலியில் அந்தப் பஞ்சாயத்தே இல்லை. சென்டில் போவது பங்கு இல்லை, நகல். பட்டாவை ஜெராக்ஸ் எடுத்து ஆபீசுக்குக் கொடுத்தால் மூலப் பட்டா பத்திரமாக நம் பீரோவில்தானே இருக்கிறது? அதுபோல மூலக் குரல் தன் வழியில் துளியும் குறையாமல் போகும். அதன் நகல் ஒன்று ரிவெர்புக்குப் போகும். சென்ட் அளவு என்பது அந்த நகல் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பதுதான். "சென்ட் கூட்டினால் ஒரிஜினல் குறைஞ்சிடுமாங்ணா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குறையாது.

பஸ் யாருக்காக

சரி, நகல் எங்கே போகிறது? ஒரு பஸ்ஸில் ஏறுகிறது.

பஸ் என்ற சொல் 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். காந்திபுரத்தில் நிற்கும் பஸ்ஸும், விசைத்தறிக் கூடத்தின் பேனல் போர்டைத் திறந்தால் தெரியும் பஸ்பார் என்ற செம்புப் பட்டையும், மிக்சரில் உள்ள பஸ்ஸும் ஒரே வம்சம். பல பேர் பல நிறுத்தத்தில் ஏறி ஒன்றாகப் பயணம் செய்வது டவுன் பஸ். பல ட்ராக்கின் ஒலிகள் ஏறி, கூடி, ஒன்றாக ஓர் இடத்துக்குப் போவது ஆடியோ பஸ். அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை.

ரிவெர்ப் பஸ் ஏன் வந்தது என்று தெரிந்தால் முழு விஷயமும் பிடிபடும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ரிவெர்ப் வேண்டுமென்றால் ஒரு நிஜ அறை வேண்டும். சிகாகோவில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர் 1947-இல் குளியலறைக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தார். பாட்டை ஸ்பீக்கரில் விட்டு, ஓடு பதித்த சுவரில் மோதி வருவதை மைக்கில் பிடித்து மறுபடி கலந்தார். நாம் குளிக்கும்போது பாடினால் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறதே, அதே காரணம்தான். 1957-இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் அறைக்குப் பதிலாக ஒரு பெரிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அதிரவைக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் எடை சுமார் 270 கிலோ. ஆட்டுக்கு ஒன்று மாட்டுக்கு ஒன்று என்று வாங்கிவைக்கிற சாமானா அது? ஒரு ஸ்டூடியோவில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பாட்டு, வயலின், டிரம் எல்லாம் அதையே பகிர்ந்துகொண்டாக வேண்டும். அதனால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நகல், எல்லா நகலும் ஒரே பஸ், பஸ் போய்ச் சேரும் இடம் அந்தத் தகடு, தகட்டிலிருந்து திரும்பி வருவது மிக்சருக்கு. திரும்பி வரும் அந்த வழிக்கு ரிட்டர்ன் என்று பெயர்.

இன்றைக்கு ஒன்பது ரிவெர்ப் போடுவதில் எடைப் பிரச்சினை இல்லை. லேப்டாப் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். ஆனால் வேறொரு கோளாறு. ஒன்பது ரிவெர்ப் என்றால் ஒன்பது இடம். தலைப்பாட்டுக்காரர் கோயிலில் பாடுகிறார், பின்பாட்டு குளியலறையில், பம்பை குடோனில். கும்மி என்பது ஒரே களத்தில் வட்டம் கட்டி ஆடுவது. எல்லாரையும் ஒரே களத்தில் நிறுத்த ஒரே ரிவெர்ப் போதும். யார் கிட்டே, யார் தள்ளி என்பதை அவரவர் சென்ட் அளவு பார்த்துக்கொள்ளும்.

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும். ஏபிள்டன் லைவில் ரிட்டர்ன் ட்ராக், க்யூபேசில் எஃப்எக்ஸ் சேனல், லாஜிக்கிலும் ப்ரோ டூல்சிலும் ஆக்ஸ். ரீப்பரில் சாதாரண ட்ராக் ஒன்றையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், வேலை ஒன்றுதான்.

பஸ் இன்னொரு வேலைக்கும் பயன்படும். எட்டுப் பின்பாட்டுக் குரலையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, அந்தப் பஸ்ஸின் ஃபேடர் ஒன்றைக்கொண்டு எட்டையும் ஒரேயடியாக ஏற்றி இறக்கலாம். ஃபேடர் என்பது மேலும் கீழும் நகர்த்துகிற ஒலியளவுத் தண்டு. இப்படிப்பட்ட பஸ்ஸுக்குக் குரூப் என்று பெயர். ரிவெர்ப் பஸ்ஸில் நகல் போகிறது. குரூப் பஸ்ஸில் மூலமே போகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சுருக்கமாக: சென்ட் என்பது நகல், பஸ் என்பது நகல்கள் கூடும் வண்டி, ரிட்டர்ன் என்பது ரிவெர்ப் ஆன பிறகு அவை திரும்பி வரும் வழி. மூலமும் ரிட்டர்னும் கடைசியில் மாஸ்டர் என்ற பொது வாசலில் சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போகின்றன.

அளவு வைக்கும் முன் ஒரு சங்கதி

ரிவெர்ப் பிளக்இன்னில் 'வெட்', 'ட்ரை' என்று இரண்டு இருக்கும், அல்லது 'மிக்ஸ்' என்று ஒரே குமிழ் இருக்கும். வெட் என்பது முழக்கம் மட்டும், ட்ரை என்பது மூல ஒலி. ரிட்டர்னில் போடும் ரிவெர்பில் வெட் 100 சதவீதம், ட்ரை சுத்தமாக இல்லை என்று வைத்துவிடுங்கள். மூலக் குரல்தான் ஏற்கெனவே தன் வழியில் மாஸ்டருக்குப் போய்விட்டதே? இங்கேயும் ட்ரையைக் கலந்தால் அதே குரல் இரண்டாம் முறையாக வந்து சேரும். சென்டைக் கூட்டும்போது ரிவெர்ப் மட்டும் கூடாமல் குரலும் சேர்ந்து கூடும். எது எதனால் கூடுகிறது என்றே பிடிபடாது.

எந்தக் குமிழ், எவ்வளவு

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சென்டிலும் ஃபேடரிலும் அளவு டெசிபெல்லில் இருக்கும். டெசிபெல் என்பது கிலோ, லிட்டர் மாதிரி அளவு இல்லை, ஒன்றுக்கு இன்னொன்று எத்தனை மடங்கு என்று சொல்லும் விகிதம். 0 என்றால் ஒன்றுமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாறாக, 0 என்றால் வந்தது வந்தபடியே போகிறது என்று பொருள். மைனஸ் 6 என்றால் ஏறக்குறையப் பாதி, மைனஸ் 20 என்றால் பத்தில் ஒரு பங்கு. ஒன்றுமே போகாத நிலைக்கு 'மைனஸ் இன்ஃபினிட்டி' என்று பெயர். ரீப்பரில் புதிதாகச் சென்ட் போட்டால் அது 0-இல்தான் பிறக்கும், அதாவது மடை முழுக்கத் திறந்த நிலை. முதல் முறை போடுகிறவர்கள் வெள்ளத்தில் மிரண்டுவிடுவது இதனால்தான். இறக்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அடுத்த குழப்பம்: ரிவெர்ப் குறைய வேண்டுமென்றால் சென்டைக் குறைப்பதா, ரிட்டர்ன் ஃபேடரைக் குறைப்பதா? ஒருவரை மட்டும் கிட்டே இழுக்க வேண்டுமென்றால் அவருடைய சென்ட். களம் மொத்தத்தையும் அடக்க வேண்டுமென்றால் ரிட்டர்ன். நான் ரிட்டர்ன் ஃபேடரை 0-இல் வைத்துவிட்டு எல்லா வேலையையும் சென்டிலேயே முடிப்பேன். கடைசியில் மொத்தமாகக் கூடவோ குறைச்சலாகவோ பட்டால் மட்டும் ரிட்டர்னைத் தொடுவேன். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் ராத்திரி இரண்டு மணிக்கு எதை எங்கே விட்டோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

வைக்கும் முறை இப்படி. முதலில் ரிவெர்ப் இல்லாமலேயே குரல்களையும் வாத்தியங்களையும் சரி சமம் செய்துகொள்ளுங்கள். இது முக்கியம். சமமில்லாத கலவையை ரிவெர்ப் மூடி மறைக்கும், சரி செய்யாது. அப்புறம் தலைப்பாட்டுக் குரலின் சென்டைக் கீழேயிருந்து மெல்ல ஏற்றுங்கள். "இதோ ரிவெர்ப் கேட்கிறது" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2 அல்லது 3 டெசிபெல் இறக்குங்கள். தனியாகக் கேட்கும்போது வைக்காதீர்கள், எல்லா ட்ராக்கும் ஓடும்போது வையுங்கள். தனியாகக் கேட்டால் எவ்வளவு போட்டாலும் இனிமையாகத்தான் இருக்கும்.

கும்மிப் பாட்டுக்கு நான் வழக்கமாக ஆரம்பிக்கும் இடம்: தலைப்பாட்டு மைனஸ் 18, பின்பாட்டு மைனஸ் 10, கைத்தட்டு மைனஸ் 14, சலங்கை அதே சுற்றில். பம்பைக்கு மிகக் குறைவாக, கீபோர்டின் அடித்தாள ஒலிக்கு அறவே இல்லை. தலைப்பாட்டுக்காரர் முன்னால் நிற்கிறார், வட்டம் அவருக்குப் பின்னால். இவை என் லேப்டாப்பில், நான் பயன்படுத்தும் ரிவெர்பில் வேலை செய்யும் எண்கள். பதிவு எப்படி ஆனது என்பதைப் பொறுத்து உங்களுக்கு முழுக்க மாறலாம். எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், யார் யாருக்குப் பின்னால் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கனத்த ஒலி ரிவெர்புக்குள் போனால் மழை பெய்த ஓடைத் தண்ணீர் மாதிரி கலங்கிவிடும். அதனால் ரிட்டர்னில் ரிவெர்புக்கு முன்னால் ஓர் ஈக்யூ, அதாவது ஒலியின் கனத்த பாகத்தையும் மெல்லிய பாகத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி, வைத்து 250 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிடுவேன். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் இன்னும் தாராளமாக, 600 ஹெர்ட்சுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்சுக்கு மேலேயும் வெட்டி அனுப்புவார்கள். முழக்கம் இருக்கும், சகதி இருக்காது.

பாட்டு எங்கே ஒலிக்கப்போகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய கல்யாண மண்டபம் தன் பங்குக்கு ஒரு ரிவெர்பைப் போடும். கோயில் கூம்பு ஸ்பீக்கரோ நாலு தெரு தாண்டி, சுவர் சுவராக மோதி வரும். ஹெட்போனில் பதமாக இருந்தது அங்கே இரண்டு மடங்காகிவிடும்.

மதகுக்கு மேலேயா, கீழேயா

ட்ராக்கின் ஃபேடரை ஒரு மதகாக நினையுங்கள். நம் மடை, அதாவது சென்ட், மதகுக்குக் கீழே இருந்தால் மதகை இறக்க இறக்க மடையிலும் தண்ணீர் குறையும். மதகுக்கு மேலே இருந்தால் மதகை முழுக்க அடைத்தாலும் மடையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலாவதற்குப் போஸ்ட் ஃபேடர் என்று பெயர். இரண்டாவதற்குப் ப்ரீ ஃபேடர். ரிவெர்புக்கு எப்போதும் போஸ்ட் ஃபேடர்தான் வேண்டும். குரலைக் குறைத்தால் அதன் முழக்கமும் சேர்ந்து குறையும், தூரம் மாறாது. ஒரு குரலை முழுக்க இறக்கிவிட்ட பிறகும் அது ஆவி மாதிரி எங்கோ கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தச் சென்ட் ப்ரீ ஃபேடரில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பாடுகிறவர் காதில் மாட்டும் ஹெட்போனுக்கு அனுப்ப ப்ரீ ஃபேடர் பயன்படும். நாம் இங்கே எதை ஏற்றி இறக்கினாலும் அவருக்குக் கேட்பது மாறாது. மற்றபடி ஆரம்பத்தில் அதைத் தொட வேண்டாம்.

நான் கெட்ட இடம்

இப்போது அந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துக் கோயிலுக்குக் கும்மிப் பாட்டு கலந்து கொடுத்தேன். பின்பாட்டுப் பெண்கள் எட்டுப் பேர். ஒவ்வொரு குரலிலிருந்தும் ரிவெர்புக்கு ஒரு சென்ட், எல்லாம் போஸ்ட் ஃபேடர், எல்லாம் பதமாக. எட்டுக் குரலையும் ஒரு குரூப்பில் ஏற்றியிருந்தேன். கடைசி நேரத்தில் பின்பாட்டு கொஞ்சம் தூக்கலாக இருப்பதாகப் பட்டது. குரூப் ஃபேடரை 6 டெசிபெல் இறக்கினேன், பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பொங்கல் அன்று கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா திரும்பிக் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தப் புள்ளைங்க எல்லாம் கெணத்துக்குள்ள இருந்தா பாடுதுங்க?"

நடந்தது என்னவென்றால், சென்ட் ஒவ்வொரு குரலின் ஃபேடருக்குக் கீழே இருந்தது உண்மைதான். ஆனால் குரூப் ஃபேடர் அதற்கும் கீழே, வாய்க்காலில் இன்னும் தள்ளி இருக்கிற மதகு. அதை நான் இறக்கியபோது நேர்க் குரல் பாதியானது. நகல்கள் அதற்கு முன்பே மடையில் இறங்கிப்போய்விட்டதால் ரிவெர்ப் துளியும் குறையவில்லை. விகிதம் இரண்டு மடங்கு முழக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பின்பாட்டைக் குறைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தேன். மற்றதைக் கூம்பு ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டது.

இதற்குத் தீர்வு எளிது. எட்டுக் குரலிலிருந்து எட்டுச் சென்ட் வேண்டாம். குரூப்பிலிருந்தே ஒரு சென்ட், அந்தக் குரூப்பின் ஃபேடருக்குக் கீழே. அப்புறம் குரூப்பை ஏற்றினாலும் இறக்கினாலும் முழக்கம் கூடவே வரும். எட்டுப் பேரில் ஒருவரை மட்டும் தள்ளி நிறுத்த முடியாது என்பது ஒரு குறை. பின்பாட்டுக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

குரூப்பில் இன்னொரு பள்ளமும் உண்டு. ரீப்பர் போன்றவற்றில் ஒவ்வொரு ட்ராக்கும் இயல்பாகவே மாஸ்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதிலிருந்து குரூப்புக்குத் தனியாக ஒரு வழி போட்டுவிட்டு, மாஸ்டருக்குப் போகிற பழைய வழியை அடைக்க மறந்தால் குரல் இரண்டு வழியாகவும் போய்ச் சேரும். ஒரே ஒலி இரண்டு முறை கூடினால் 6 டெசிபெல் ஏறும். அதைவிட எரிச்சல், குரூப் ஃபேடரை அடியோடு இறக்கினாலும் குரல் நிற்காது. குரூப் போட்டவுடன் அதை ஒரு முறை மியூட் செய்து பாருங்கள். மியூட் செய்தும் யாராவது பாடிக்கொண்டிருந்தால், எங்கோ பழைய மடை அடைக்காமல் இருக்கிறது.

தம்பியின் ஒன்பது ட்ராக்

அந்தத் தம்பியின் ஃபைலுக்கு வருகிறேன். ஒன்பது ரிவெர்பையும் எடுத்தோம். பின்பாட்டு நாலையும் ஒரு குரூப்பில் ஏற்றினோம். ஒரே ஒரு ரிட்டர்ன், அதில் ஒன்றரை நொடியில் அடங்கும் ஒரு ரிவெர்ப், வெட் 100. தலைப்பாட்டிலிருந்து ஒரு சென்ட், குரூப்பிலிருந்து ஒன்று, கைத்தட்டிலிருந்தும் சலங்கையிலிருந்தும் ஒவ்வொன்று. அரை மணி நேர வேலை.

முழுப் பாட்டையும் ஓடவிட்டேன். கேட்டு முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நல்லாருக்குங்ணா. ஆனா எக்கோவே இல்லீங்களே?"

மறுபடி ஓடவிட்டு, நடுப்பாட்டில் ரிட்டர்னை மட்டும் மியூட் செய்தேன். களம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஒரு அலமாரிக்குள் போய் அடைந்துகொண்ட மாதிரி ஆனது.

"அய்யோ, அதப் போடுங்ணா," என்றான்.